மறைக்காட்டு நெய்தல் வழி

சோழவளநாடு என்ற மாத்திரத்தே காவிரியும் கழனியும் கரும்பும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. அந்நாட்டின் தென்கீழ்க் கோடியில் மணலும் உவர்நிலமும் சதுப்பும் கழியும் காடுமாய்க் கிடக்கும் நெய்தற் பகுதி ஒன்று உண்டென்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நாகப்பட்டினத்தினின்று தெற்கே வேதாரணியம் சென்று, கோடிக்கரை கண்டு, மீண்டு மேற்கே முத்துப்பேட்டையை அடையும் வழி இப்பகுதியூடே செல்கின்றது. இற்றைநாளில் உந்துவண்டியிற் செல்வார் ஒரு பகற்பொழுதில் இதனைக் கடந்துவிடுவர். ஆயின், இவ்வழி நாயன்மார் கால்நடையாய் நடந்த வழி என்பதை உணர்ந்து செல்வார் சிலரே. சேக்கிழார் கூறும் தலமுறையையும் நிலத்தின் கிடக்கையையும் ஒருங்குவைத்து நோக்கின், இது நெடுங்காலம் வழங்கிய பழவழி என்பது புலனாகும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வழியின் தலைவாயில் நாகை. காரோணத்து இறைவன் வீற்றிருக்கும் இப்பட்டினம் கடல்வாணிகத்தாற் சிறந்தது. ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கெடுத்த சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் செப்பேடுகள் கூறும். பிறநாட்டார் வழிபாட்டிற்கும் இடந்தந்த துறைமுகம் இஃது என்பது இதனால் விளங்கும். 1658-ல் ஒல்லாந்தரும், 1781-ல் ஆங்கிலேயரும் இதனைக் கைப்பற்றினர். இத்தனை அரசுகள் வந்து சென்ற இவ்வூரை நம்மனோர் இன்றும் நினைப்பது, இதன் நுளைப்பாடியில் வலைவீசி வாழ்ந்த அதிபத்த நாயனாராலேயாம். நாள்தோறும் கிடைப்பவற்றுள் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விட்டுவந்த அப்பெரியார், பன்னாள் ஒரு மீனே கிடைத்து வறுமை மிக்க காலத்தும் அந்நெறி வழுவாது, பொன்மீன் கிடைத்தபோதும் அதனையே விட்டார். கடலே அவர்க்குத் தொழிலிடமும் திருமுன்பும் ஆயிற்று. இவ்வழி முழுவதற்கும் இவ்வுண்மை ஒரு திறவுகோல் போல்வது.

நாகைக்குத் தெற்கே வழியின் ஒருபாற் கடல் தொடர, ஒருபால் காவிரியின் கிளைகள் தளர்ந்து உப்பங்கழிகளோடு கலக்கின்றன. வேளாங்கண்ணியைக் கடந்து செல்லச் செல்ல நெல்வயல் குறைந்து, மணற்பாங்கான தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சவுக்கும் மிகும். வேதாரணியத்தைச் சூழ்ந்த நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிடக்கும் மணல்மேடுகள், கடல் படிப்படியே பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பழங்கரைகள் என்பர் நிலநூலார். மக்கள் குடியேறியதும், கோயில் எடுத்ததும், வழி அமைத்ததும் பெரும்பாலும் இத்தகைய மேட்டுநிலங்களை ஒட்டியேயாம். தாழ்ந்த இடங்களெல்லாம் மழைக்காலத்தில் நீர்நிற்கும் சதுப்பாதலின் என்க.

இனித் திருமறைக்காடு. மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற வாயில் நெடுநாள் திறவாதிருப்ப, அன்பர்கள் வேறொரு பக்கமாய்ச் சென்று தொழுதுவந்தனர். திருநாவுக்கரசர் பதிகம் பாடத் திருக்கதவம் திறந்தது. திருஞானசம்பந்தர் பாட அது மீள அடைத்தது. அன்றுமுதல் வாயில் திறந்தும் அடைத்தும் வழக்கிற்கு வந்தது. இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மூடிய வாயிலைக் கண்டு இறைவனைக் காண இயலாதென்று எவரும் திரும்பிவிடவில்லை. எனினும் நேர்வாயிலாற் சென்று காணும் உரிமை எல்லார்க்கும் வேண்டும் என்பதே அவ்விருபெரு மக்களின் கருத்தாயிருந்தது. பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த அழைப்பு சம்பந்தர்க்கு எட்டியதும், நாளும் கோளும் நன்றல்ல என்று அரசர் தடுப்பக் கோளறு பதிகம் பிறந்ததும் இவ்வூரிலேயாம். பிற்காலத்துத் திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரும் இவ்வூரினரே. தாயுமான அடிகளின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை இக்கோயிற் பணியில் இருந்தவர்.

மறைக்காட்டிற்குத் தெற்கே அணித்தாயுள்ளது அகத்தியான்பள்ளி. இன்று அகத்தியம்பள்ளி என வழங்கும். சம்பந்தர் பதிகம் பெற்ற இத்தலத்தைச் சூழ உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்துள்ளன. உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலாலும் காற்றாலும் வற்றச்செய்து, உப்புப் பூத்தபின் வாரிக் குவிக்கின்றனர். மழை ஒருநாட் பெய்யினும் பலநாள் உழைப்புக் கரைந்துபோம். இங்கு உப்புவிளைவு மிகப் பழமையானதாதல் வேண்டும். உப்பேற்றிய வண்டிகளோடு உள்நாடு சென்று நெல்லுக்கு மாறிய உமணரைச் சங்கச் செய்யுட்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியார் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே வெட்டிய கால்வாயில் உப்பேற்றிய படகுகள் சென்றன.

அவ்வாட்சியாரே உப்பிற்கு வரிவிதித்து, வரியின்றி எடுப்பதைக் குற்றமாக்கினர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று இராசகோபாலாச்சாரியார் தலைமையிற் புறப்பட்ட தொண்டர்கள் ஏறத்தாழ நூற்றுவர், 150 மைல் நடந்து 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தனர். உணவும் உறையுளும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சித்தலைவர் தார்ன் என்பார் அச்சுறுத்தியும், வழியிலுள்ள ஊரார் அவர்களைப் பட்டினி கிடக்க விட்டாரல்லர். 30-ஆம் நாள் சட்டத்தை மீறி உப்பெடுத்துத் தலைவர் சிறைப்பட்டார். இவ்வூர் வேதரத்தினம் பிள்ளையவர்கள் இப்போருக்கு உறுதுணையாயிருந்து தாமும் சிறைபுகுந்தவர். பின்னர் 1946-ல் பெண்மக்களுக்கெனக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை நிறுவினார். பாட்டினால் ஒரு வாயில் திறந்த ஊரில், நடையினால் ஒரு பூட்டு நெகிழ்ந்தது என்று கூறுதல் மிகையாகாது. இயற்கை எல்லார்க்கும் தந்த பொருளுக்கு இடையே ஒருவர் தாழிடுதல் முறையன்று என்பதே அந்நடையின் கருத்தாதலின்.

அகத்தியான்பள்ளிக்கும் தெற்கே காடடர்ந்த நிலத்தில் உள்ளது கோடிக்குழகர் கோயில். நிலம் முடிந்து கடல் வளையும் கோடி இஃது. வடக்கினின்று தெற்காக வந்த கரை இங்கே மேற்குநோக்கித் திரும்புகின்றது. வங்கக்கடலும் பாக்கு நீரிணையும் கூடுகின்றன. காட்டில் வெளிமான்கள் திரியும். பனிக்காலத்தில் பூநாரை முதலிய நீர்ப்பறவைகள் தொலைவினின்று வந்து சதுப்பில் இரைதேரும். 1967-ல் இக்காடு காப்பிடமாயிற்று; 2002-ல் இந்நிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

சேரமான் பெருமாளோடு ஆரூரினின்று புறப்பட்ட நம்பியாரூரர், நாகைக்காரோணம், மறைக்காடு, அகத்தியான்பள்ளி ஆகியவற்றை வணங்கிக் கோடிக்கு வந்தார். கடற்காற்று வீசும் கரையில், அயலே மனிதர் குடியிருப்பின்றி இறைவன் தனித்திருப்பதைக் கண்டார்; அவர் கண்ணீர் பெருகிற்று. யார் துணையாக இவ்விடத்து இருக்கின்றீர் என்று அவர் இறைவனையே வினவியது இத்தலத்துப் பதிகம். எங்கும் நிறைந்த பொருளுக்குத் தனிமை ஏது என்று சிலர் ஐயுறுவர். அன்பு அறிவின் கணக்கைக் கேட்பதில்லை. தோழமை நெறியில் நின்ற அவ்வுள்ளம், தான் அன்புசெய்யும் பொருள் ஆளரவமற்ற கரையில் இருப்பதைப் பொறாதாயிற்று. அக்காலத்து இந்நிலம் குடியருகிக் கிடந்தது என்னும் வரலாற்றுச் செய்தியும் அவ்விரக்கத்தின் வழியே நமக்குக் கிடைத்துளது.

நிற்க. மதுரைக்குச் செல்லும் சம்பந்தர் அகத்தியான்பள்ளி, கோடி, கடிக்குளம், இடும்பாவனம், உசாத்தானம் என்னும் முறையிற் சென்றதாகப் பெரியபுராணம் கூறும். இம்முறை நிலத்தோடு முற்றும் பொருந்துவது வியக்கத்தக்கது. கோடியினின்று நேர்மேற்கே நடத்தல் இயலாது; ஏறத்தாழ 30 மைல் நீளத்திற்குச் சதுப்பும் கழியும் குறுக்கே கிடக்கின்றன. ஆதலின் வடக்கே மீண்டு, வயலுக்கும் சதுப்பிற்கும் இடைப்பட்ட உறுதிநிலத்தைப் பற்றியே மேற்குச் செல்லல் வேண்டும். இன்று கற்பகநாதர்குளம் எனப்படும் கடிக்குளமும், இடும்பாவனமும், முத்துப்பேட்டையை அடுத்த கோவிலூராகிய உசாத்தானமும் அவ்வுறுதிநிலத்தே வரிசையாய் அமைந்துள்ளன. வேதாரணியத்தினின்று முத்துப்பேட்டைக்குச் செல்வார் இன்றும் அந்நிலத்தின் வழியாகவே செல்கின்றனர். தலங்கள் பாழிடத்தில் ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாய் எழுந்தன அல்ல. உமணரும் பரதவரும் வழிப்போக்கரும் நடந்த தடத்திலே நின்றன என்பது இதனாற் பெறப்படும். சேக்கிழார் அத்தடத்தை அறிந்தே பாடினார் என்று கோடலும் பொருந்தும்.

முத்துப்பேட்டைக் கழிமுகத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. பாமணியாறு, கோரையாறு முதலியன கடலிற் கலக்குமிடம் அது. சேற்றினின்று மேலெழும் மூச்சுவேர்களால் உயிர்த்து, ஏறிய உப்பை இலைவழியே கழித்து வாழும் அம்மரங்கள், அலையின் வேகத்தை ஆற்றிக் கரையைக் காக்கின்றன. பெயரே அத்தொழிலை உணர்த்துகின்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்த கசாப் புயல் தென்னையையும் மாவையும் வேரொடு சாய்த்தது. சதுப்பைப் பயனிலாப் பாழ்நிலம் என்று கருதித் தூர்க்க முற்படுவார் இவற்றை மறத்தலாகாது. கரையின் மணல்மேடும், கழியும், அலையாத்தியும் இந்நிலத்தின் அரண்கள்.

இன்று மாசிப் பெருவிழாவில் மறைக்காட்டுக் கதவம் திறக்கப் பாடும் நிகழ்ச்சியைக் காணப் பலர் வருகின்றனர். வந்தவருட் பெரும்பாலார் அவ்வூரோடு மீள்கின்றனர். அன்பர்கள் இன்னும் சிறிது தூரம் தெற்கே செல்லவேண்டும் என்பதே எம் வேண்டுகோள். உப்பளத்தில் வெயிலில் நின்று கால்புண்பட உழைப்பாரையும், கடலை நம்பிக் காலையில் வலையெடுத்துச் செல்வாரையும் கண்டு அவர்தம் வாழ்வை உசாவுதல் வேண்டும். அவர்க்கு யார் துணை என்னும் வினா, ஆரூரர் அக்கரையில் எழுப்பிய வினாவின் தொடர்ச்சியேயாம். குழகர் கோயில் விளக்கு அணையாதிருப்பதும், அயலிலுள்ள குடிகள் துணையற்றுப் போகாதிருப்பதும் ஒரே தொண்டின் இருபாற் கூறுகள் என்று கொண்டு ஒழுகுவதே அம்மூவரும் நடந்த வழியில் நடப்பதாகும்.