தெருவிளக்குக்கு எழுதிய கடிதம்
1981ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத் திருத்தமும் நம் சங்கமும்

பொன்விழா மலருக்குச் சங்கத்தின் வரலாற்றிலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பிமார்கள் கேட்டார்கள். கட்டடத் திறப்பு விழா, மதரஸா, கல்வி உதவிநிதி, நோன்புக் கஞ்சி ஆகியவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதுகிறார்கள். அவற்றுக்கெல்லாம் புகைப்படம் உண்டு. நான் எழுதப்போவது புகைப்படம் இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றி. அதற்குச் சான்றாக இருப்பது 1981ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பேட்டில் ஒன்றரைப் பக்கம் மட்டுமே. எழுத்து என்னுடையது. அப்போது நான் துணைச் செயலாளர், வயது இருபத்தாறு.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு வருமுன், சங்கச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டம் முடிந்து அறுபது நாளுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்று செயலாளர் அவசரப்படுத்துவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிவு முறைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வயது. அதன் தொடக்கத்தில் நம் பினாங்கு இருக்கிறது. நம் முன்னோரும் இருக்கிறார்கள்.

1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் ஏறத்தாழ பத்து நாள் பெருங்கலவரம் நடந்தது. கீ ஹின், தோ பே கோங் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்களின் சண்டை என்றுதான் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் கீ ஹின்னுக்குத் துணையாக வெள்ளைக்கொடிச் சங்கமும், தோ பே கோங்குக்குத் துணையாகச் செங்கொடிச் சங்கமும் களத்தில் நின்றன. இந்தக் கொடிச் சங்கங்கள் முஸ்லிம்களுடையவை. மலாய்க்காரர்களும், ஜாவி பெக்கான் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கலப்பு முஸ்லிம்களும், நம்மவர்களும் அவற்றில் இருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலக் கோஷ்டிகளாகத் தொடங்கியவை அவை. பினாங்கின் போரியா ஆட்டமும் அந்த முஹர்ரம் கோஷ்டிகளின் வழி வந்ததுதான். கலவரத்தை விசாரிக்க ஆணையம் அமைத்தார்கள். 1869இல் ஆபத்தான சங்கங்களை அடக்கும் சட்டம் வந்தது. அதற்கும் சங்கங்கள் அடங்கவில்லை என்று, ஆளுநர் செசில் கிளெமெண்டி ஸ்மித் காலத்தில், 1889இல் முழுமையான சங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பதிவு இல்லாமல் சங்கம் நடத்துவது குற்றம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி, சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. கூடவே பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கம் ஆகிய காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றும் எழுதி வைத்தது. ஒரு கை கொடுத்ததை மறு கை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அந்த மறு கையின் வேலை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். பதிவதிகாரி மறுத்தால் அமைச்சரிடம் முறையிடலாம். அமைச்சர் சொல்வதே முடிவு. 1974இல் நம் சங்கம் தொடங்கியது இந்தச் சட்டத்தின் கீழ்தான். யாருக்கும் அது பாரமாகத் தெரியவில்லை.

1981இன் முற்பகுதியில் அந்தச் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா வந்தது. ஹுசேன் ஓன் பிரதமராக இருந்த கடைசி மாதங்கள் அவை. உள்துறை அமைச்சர் தான் ஸ்ரீ கசாலி ஷாஃபி. மசோதாவில் பல பிரிவுகள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியது, ‘அரசியல் சங்கம்’ என்ற புதிய வகை. தேர்தலில் நிற்கும் கட்சிகளை மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கூட்டரசின் கொள்கையையோ செயலையோ, மாநில அரசின் கொள்கையையோ, ஊராட்சி மன்றத்தின் நடவடிக்கையையோ எந்த வகையிலாவது மாற்ற முயலும் சங்கமும் அரசியல் சங்கம்தான் என்று வரையறை நீண்டது. அந்த முத்திரை விழுந்தால் கட்டுப்பாடுகள் கூடும். வெளிநாட்டுத் தொடர்புக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் பதிவதிகாரியின் தயவு வேண்டும்.

அந்த வரையறையைப் படித்துவிட்டு நான் நேராக எங்கள் கடிதக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். முந்தைய டிசம்பரில் நகராண்மைக் கழகத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்தின் நகல் மேலாக இருந்தது. மதரஸாவை ஒட்டிய சந்தில் விளக்கு இல்லை, மஃரிபுக்குப் பிறகு ஓதவரும் பிள்ளைகள் இருட்டில் நடக்கிறார்கள், ஒரு தெருவிளக்குப் போட்டுத் தர வேண்டுகிறோம் என்று எழுதியிருந்தோம். மசோதாவின் சொற்படி பார்த்தால் அதுகூட ஊராட்சி மன்றத்தின் நடவடிக்கையை மாற்றும் முயற்சி. நாங்கள் அரசியல் சங்கமாகிவிட்டிருந்தோம்!

எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது என்பது நம் இளையோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. முன்னணியில் நின்றது அலிரான். 1977இல் பினாங்கில் பிறந்த இயக்கம். அதன் தலைவர் டாக்டர் சந்திரா முசாஃபர், இந்திய வம்சாவளியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே நாடு முழுதும் பேசியவர். அபிம் இளைஞர் இயக்கம் சேர்ந்தது. அப்போது அதன் தலைவர் அன்வார் இப்ராஹிம். சுற்றுச்சூழல் பாதுகாப்புக் கழகத்தின் குர்மிட் சிங் சேர்ந்தார். வழக்கறிஞர்கள் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள்.

இவர்களோடு பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் நின்றது. அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்தவர். பயனீட்டாளர் சங்கத்தின் வேலையே அரசாங்கத்துக்கு எழுதுவதுதான். உணவில் கலப்படம், மீனவர் கடற்கரையில் கழிவு, குடியிருப்போரை வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இலாகாவின் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதே அரசியல் என்றால் அந்தச் சங்கம் எதற்கு? இத்ரிஸ் சாகிபு 2019இல் தம் 92ஆவது வயதில் காலமாகும்வரை அந்தத் தட்டலை நிறுத்தவில்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக.

எதிர்ப்பு இருந்தும் 1981 ஏப்ரலில் மசோதா நிறைவேறியது. இயக்கம் அதோடு கலையவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சங்கங்கள் ஒன்றுகூடி மாநாடு நடத்தி, ஒரு செயலகம் அமைத்து, சட்டத்தை மறுபரிசீலனை செய்யும்படி தொடர்ந்து கேட்டன. சமயச் சங்கம், நலச் சங்கம், தொழில்சார்ந்த சங்கம் என்று பலதரப்பட்டவை ஒரே மேசையில் உட்கார்ந்தது, என் நினைவில், அதுவே முதல் தடவை.

இயக்கத்தில் சேர்ந்திருந்த ஒரு சங்கம் எங்களுக்கும் கடிதம் எழுதியிருந்தது. ஆதரவுக் கையெழுத்து வேண்டும், முடிந்தால் பேராளர் இருவரை அனுப்புங்கள் என்று. அதைத்தான் அன்றைய செயலவை விவாதித்தது.

செயலவையில் பதினொரு பேர். நால்வர் அரசாங்க வேலையில் இருந்தவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர்கள், பண மாற்று வியாபாரிகள். ஒருவருக்குக் குடியுரிமை மனு நிலுவையில் இருந்தது. அன்றைய தலைவர் ஹாஜியார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, லைசென்ஸ் எழுதுறவனும் அவங்கதான், பாஸ்போர்ட் முத்திரை குத்துறவனும் அவங்கதான். மையத்தை அடக்க இடம் கேக்கணும்னாலும் அவங்ககிட்டதான் போகணும். நமக்கு ஏன் வம்பு?” இன்னொருவர், ஊர் மதரஸாவுக்கு ஆண்டுதோறும் நாம் அனுப்பும் பணம் இந்த வெளிநாட்டுப் பிரிவில் மாட்டாதா என்று கேட்டார். அதனால்தான் நாம் சேர வேண்டும் என்றேன் நான். அதனால்தான் சேரக்கூடாது என்றார்கள் மற்றவர்கள். கூட்டத்தில் சிரிப்பு. முடிவில், ‘கடிதம் பெறப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். என் எதிர்ப்பைப் பதிவு செய்யும்படி நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்தப் பெரியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கையில் இருந்த சில ஆயிரம் வெள்ளியையும் பத்திரமாக வைத்து இந்தக் கட்டடத்தை எழுப்பியவர்கள் அவர்கள். அவர்கள் பயம் கற்பனையும் அல்ல. 1987இல் ஓப்பராசி லாலாங்கில் நூறு பேருக்கு மேல் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டபோது சந்திரா முசாஃபரும் அதில் இருந்தார். அன்று ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் கூலியில்லாமல் நமக்காக வேலை செய்தவர்களுக்கு ஒரு கையெழுத்துகூட நாம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. அதை மலரில் எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதுவது?

1981 ஜூலையில் டாக்டர் மகாதீர் பிரதமரானார். உள்துறை மூசா ஹீத்தாமிடம் போனது. பேச்சுவார்த்தைக்கு இடம் கிடைத்தது. 1983இல் சட்டம் மறுபடியும் திருத்தப்பட்டு, ‘அரசியல் சங்கம்’ என்ற வகை நீக்கப்பட்டது. இன்றைய சட்டத்தில் தனியே வரையறுக்கப்படுவது, வேட்பாளரை நிறுத்தித் தேர்தலில் பங்கெடுக்கும் அரசியல் கட்சி மட்டுமே. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தொடர்பைத் தடுக்கும் பதிவதிகாரியின் அதிகாரம் 13ஏ பிரிவில் இன்றும் இருக்கிறது. அமைச்சர் சொல்வதே முடிவு என்பதும் இருக்கிறது. பதவிக்கு வருகிறவர்கள் யாரானாலும் இந்தச் சட்டத்தின் வசதியை விட்டுக்கொடுக்க விரும்பியதாகத் தெரியவில்லை.

1983க்குப் பிறகு நம் சங்கம் எழுதிய கடிதங்களை இந்த மலருக்காக எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். மையவாடிக்கு வேலி, பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு, நோன்பு மாதத்தில் சந்தைக் கடைகளுக்கு இடம், வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது வீடிழந்த குடும்பங்களுக்கு மாற்று வீடு, அண்மையில் சந்துக்கு வெள்ள வடிகால். நான்காவது கோப்போடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பாதிக்குமேல் பதில் வரவில்லை. ஆனால் எழுதியதற்காக யாரும் நம்மைக் கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை.

சந்தின் விளக்கு 1982 நோன்புக்கு இரண்டு வாரம் முன் வந்தது. போட்டுக் கொடுத்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னவர் ஹாஜியார்தான். அதன் நகலும் கோப்பில் இருக்கிறது. மாநாட்டுக்கு அழைத்த சங்கத்துக்கு எழுதிய பதில் எதுவும் கோப்பில் இல்லை, நாங்கள் எழுதவே இல்லை. பொன்விழாக் கண்காட்சியில் பழைய குறிப்பேடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். 1981ஆம் ஆண்டு ஏட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.