செவிலியம்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அதன் வரலாறும் அடிப்படைகளும்

செவிலியம் என்பது நோயுற்றவரையும், பேறுகாலத்துப் பெண்ணையும், பச்சிளங்குழந்தையையும், முதுமையில் தளர்ந்தவரையும் பயிற்சியோடும் பொறுப்போடும் பேணும் தொழில். கைத்திறன், அறநெறி, சட்டம், நோயாளியோடு பேசும் முறை ஆகிய நான்கும் இதன் அடிப்படைகள் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. இந்த நான்கும் ஒரே காலத்தில் உருவானவை அல்ல. கைத்திறன் மிகப் பழையது. செவிலியருக்கென்று தனிப் பொறுப்பும் தனிக் குரலும் உண்டு என்ற எண்ணம் மிகவும் பிந்தியது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியின் நாட்டுப்புறக் கொம்யூன்களான வில்லியனூரிலும் பாகூரிலும் இந்த வளர்ச்சி, ஆங்கிலேயர் ஆண்ட கடலூர்ப் பக்கத்திலிருந்து வேறு வழியில் நடந்தது.

வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவிலும், பாகூர் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவிலும் உள்ளன. 1880 மார்ச் 12ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு ஆணை இவ்விரண்டையும் கொம்யூன்கள் என்னும் உள்ளாட்சிப் பகுதிகளாக்கியது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலமன்று. அதன் ஊர்களுக்கு நடுவே தமிழகத்தின் ஊர்கள் வருகின்றன. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு அரசு, வேறு காவல் நிலையம். இந்த நில அமைப்பு செவிலியச் சட்டத்தின் கதையில் பலமுறை குறுக்கிடும்.

தமிழ்நாட்டில் நோயாளியைப் பேணும் பணி தனிப் பதவியாகக் குறிக்கப்பட்டதற்கு நல்ல சான்று, காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு. வீரராசேந்திர சோழன் காலத்தைச் சேர்ந்த (11ஆம் நூற்றாண்டு) அந்தக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை (மருத்துவமனை) ஒன்றை விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நாவிதர் ஆகியோரோடு நோயாளிகளுக்கு மருந்து பக்குவம் செய்து தரும் பெண்கள் இருவரும் அங்கே பணியில் இருந்தனர். மருத்துவரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்லில் இருக்கிறது. அந்தப் பெண்கள் இருவரும் பணியால் மட்டுமே அறியப்படுகிறார்கள். வேலைக்கு ஆள் உண்டு, ஊதியம் உண்டு, ஆனால் ஆளுக்கு முகம் இல்லை என்ற இந்த நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது.

பிரெஞ்சு ஆட்சியில் மருத்துவருக்கான பயிற்சி வியக்கத்தக்க விரைவில் வந்தது. புதுச்சேரி மருத்துவப் பள்ளி 1823இல் தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1827இல், குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் பலவற்றில் கல்வியும் நோயாளர் பணியும் இச்சபையின் கைகளில்தான் இருந்தன. கன்னியர் மரபு செவிலியத்துக்குக் கனிவையும் தூய்மையையும் கட்டுப்பாட்டையும் தந்தது. கீழ்ப்படிதலையும் உடன் தந்தது. பெரியவர் சொன்னால் கேள்வி இல்லை என்ற பழக்கம், மடத்திலிருந்து வார்டுக்கு இயல்பாக நடந்து வந்துவிட்டது.

இதில் பிரெஞ்சு மரபு தனித்து நிற்கவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளியும் ஒழுங்கையும் பணிவையும் முன்னிறுத்தியது. நைட்டிங்கேல் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இந்தியாவின் குடிநீர், கழிவுநீர் நிலை பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். அவர் பெயரால் வழங்கும் உறுதிமொழி அவர் எழுதியதன்று. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு அதை இயற்றியது.

சென்னை மாகாணத்தில் அரசுப் பொது மருத்துவமனையின் செவிலியர் பள்ளி 1871இல் தொடங்கியது. 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனை செவிலியர் பயிற்சியைத் தொடங்கி, 1946இல் பட்டப்படிப்பையும் ஏற்படுத்தியது. இவற்றுக்கு நடுவே வந்த 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர், மருத்துவச்சியர் சட்டம்தான் பெரிய திருப்பம். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை ஒரு பதிவேடு சொல்லத் தொடங்கியது. பதிவேடு இருந்தால்தான் தவறு செய்தவரின் பெயரை நீக்க முடியும். தொழிலுக்குக் கண்ணியம் என்பது அங்கிருந்துதான் சட்ட வடிவம் பெறுகிறது. ஆனால் அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. கடலூரில் பணியாற்றிய செவிலியர் அதன் கீழ் வந்தார். சில மைல் வடக்கே பாகூரில் அதே வேலையைச் செய்தவர் வரவில்லை.

1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர் வட்டத்துக் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டங்கள் அன்றே மாறிவிடவில்லை. பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது. இந்திய தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறைக்கு வந்தது. கவனக் குறைவால் ஒருவர் இறந்தால் என்ன தண்டனை என்ற கேள்விக்குக் கடலூர் செவிலியருக்கும் பாகூர் செவிலியருக்கும் ஒரே விடை கிடைத்தது அந்த நாளில்தான்.

மருத்துவப் பள்ளியை 1956இல் இந்திய அரசு ஏற்று, தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எனப் பெயரிட்டது. 1964இல் கோரிமேட்டுப் புதிய வளாகத்தில் அது ஜிப்மர் ஆனது. ஜிப்மரின் செவிலியர் கல்லூரி தொடங்கியதோ 2006இல். 1823க்கும் 2006க்கும் இடையே 183 ஆண்டுகள். மருத்துவக் கல்வியோடு ஒப்பிட்டால் இந்த நிறுவனத்தில் செவிலியர் பட்டக் கல்வி எவ்வளவு காத்திருந்தது என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கு காட்டிவிடும்.

நாட்டுப்புறத்தில் மக்கள் அறிந்த செவிலியர் கல்லூரியிலிருந்து வந்தவர் அல்லர். துணை சுகாதார நிலையத்தின் துணைச் செவிலியர்-மருத்துவச்சியான ஏ.என்.எம்.தான் அவர்களுக்கு ‘நர்ஸம்மா’. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். தடுப்பூசி அட்டை, கர்ப்பிணிப் பதிவு, பேறுக்குப் பிந்தைய வீட்டுச் சந்திப்பு, சுகர் பிரஷர் மாத்திரை என எல்லாம் அவர் தோளில் ஏறின. வில்லியனூர் கொம்யூனின் ராமநாதபுரத்தில் ஜிப்மர் நடத்தும் கிராம சுகாதார மையம் ராமநாதபுரம், பிள்ளையார்குப்பம், துத்திப்பட்டு, தொண்டமாநத்தம் ஆகிய ஊர்களைக் கவனித்து வருகிறது. மருத்துவமனைப் படுக்கையில் படுத்திருக்கும் நோயாளியை மட்டும் பார்த்துப் பழகிய மாணவருக்கு, அவர் எந்தத் தண்ணீர் குடிக்கிறார், எந்த வயலில் நிற்கிறார், மாத்திரையை எங்கே வைக்கிறார் என்பதெல்லாம் இத்தகைய ஊர்களில்தான் தெரியவரும்.

அறநெறியின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஆண்டு 1973. சர்வதேச செவிலியர் பேரவை 1953இல் ஏற்ற முதல் நெறிமுறை, மருத்துவரின் ஆணையை விசுவாசத்தோடு நிறைவேற்றுவது செவிலியரின் கடமை என்றது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பு தேவைப்படும் மக்களிடமே என்று மாற்றி எழுதியது. மருத்துவர் எழுதிய மருந்தளவு தவறாகத் தோன்றினால் கேட்காமல் கொடுப்பது பணிவாகாது, கடமை தவறியதாகும் என்பது இந்த மாற்றத்தின் நடைமுறைப் பொருள். இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அது 2006இல் வெளியிட்ட நெறிமுறையும் நோயாளியின் தனித்தன்மை, அந்தரங்கம், சிகிச்சையில் அவருக்குள்ள பங்கு ஆகியவற்றை முன்வைக்கிறது.

இந்தியச் செவிலியர் அறத்துக்கு எடுத்துக்காட்டாக வகுப்புகளில் பேசப்படுவது மும்பை கே.இ.எம். மருத்துவமனை. அங்கே பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18இல் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் அவரைப் பேணினர். 2011இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உணவூட்டலை நிறுத்தும் கோரிக்கையை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பில் செவிலியரின் விருப்பமும் பராமரிப்பும் மதித்துப் பேசப்பட்டன. பெயர் தெரியாத பணிப்பெண் என்ற நிலையிலிருந்து நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்கும் குரல் என்ற நிலைக்குத் தொழில் வந்து சேர்ந்த தருணம் அது.

ஒப்புதல் பற்றிய சட்டம் இந்தக் கொம்யூன்களில் அன்றாடம் உரசிப் பார்க்கப்படுகிறது. கையெழுத்து என்றதும் கணவரையோ மாமியாரையோ மகனையோ தேடுவது வழக்கம். நோயாளி பக்கத்திலேயே தெளிவாக உட்கார்ந்திருப்பார். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புக்கொண்டு மயக்க நிலையில் இருந்த பெண்ணின் கருப்பை அகற்றப்பட்டது. ஒப்புதல் தந்தவர் வெளியே இருந்த தாயார். உயிராபத்து இல்லாத நிலையில், வயதுவந்த தெளிவான ஒருவருக்காக வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் துணைவரின் ஒப்புதல் கட்டாயமன்று. கருக்கலைப்புச் சட்டத்தின்படி வயதுவந்த பெண்ணின் சொந்த ஒப்புதலே போதும். இதை அறிந்த செவிலியர், சுற்றி நிற்கும் உறவினரை மரியாதையோடு வெளியே உட்காரச் சொல்லி, “உங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு சொல்றேம்மா, நீங்க கேளுங்க” என்று தொடங்குவார். உறவினரைப் பகைக்காமல் நோயாளியின் உரிமையைக் காப்பது, ஊசி போடுவதைவிடக் கடினமான திறமை.

அந்தரங்கமும் அப்படியே. எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில், ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் உரக்கச் சொன்ன ஒரு பரிசோதனை முடிவு மாலைக்குள் தெருவெல்லாம் பரவும். எச்.ஐ.வி. நிலையை ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் பெயர் சொல்லாத நோய்களிலும் அதே வாயடக்கம் வேண்டும்.

நோயாளியோடு பேசுவதைத் தனிக் கல்வியாக்கியவர் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ். 1952இல் வெளிவந்த அவருடைய நூல், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்றது. நம் ஊர்களில் அந்த உறவு அம்மா, பெரியம்மா, ஐயா, தம்பி என்ற அழைப்பில் தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் நாளை அறிய “கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?” என்று கேட்டால் உடனே பதில் வரும். “முழுகாம இருக்கா” என்று மாமியார் சொல்வதைக் கர்ப்பம் என்று புரிந்துகொள்ளாதவர் இங்கே பணியாற்ற முடியாது. ஜிப்மர் மத்திய நிறுவனம் ஆதலால் செவிலியர் பல மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் கற்பது மருந்தளவு கற்பதற்குச் சற்றும் குறைந்ததன்று.

பேச்சும் மருந்தளவும் எவ்வளவு பிணைந்தவை என்பதற்கு இன்சுலினைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. இந்தியக் கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு செறிவுகளில் குப்பிகள் கிடைக்கின்றன. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உடலுக்குள் போவது 50 யூனிட். படபடப்பு, வியர்வை, மயக்கம், சில நேரம் மரணம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எங்கே, நீங்க ஒருதரம் ஏத்திக் காட்டுங்க பெரியம்மா” என்று கேட்டால்தான் தவறு வெளியே வரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் குப்பியை மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் வைக்கச் சொல்வதும் இதே உரையாடலில் அடங்கும்.

இன்று இவ்விரு கொம்யூன்களும் மருத்துவக் கல்விக்கு முக்கியமான இடங்கள். பாகூர் கல்விக்குப் பழைய ஊர்; 9ஆம் நூற்றாண்டில் மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைப் பதிவு செய்கிறது. இப்போது கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூர்ப் பக்கத்தில் அரியூரிலும் அகரத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. 2021இல் இந்திய நர்சிங் கவுன்சில் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டம் பருவமுறைக்கு மாறியது. செவிலிய அடிப்படைகள் முதல் இரு பருவங்களிலும், தொழில்சார் விழுமியங்களும் அறமும் நான்காம் பருவத்திலும் வைக்கப்பட்டன. 2023இல் நிறைவேறிய தேசிய செவிலிய, மருத்துவச்சிய ஆணையச் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வர இயற்றப்பட்டது; அறத்துக்கும் பதிவுக்கும் தனி வாரியம் அதில் உண்டு.

மாணவர்கள் அறிந்தே ஆக வேண்டிய இன்னொரு மாற்றம் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு. கவனக் குறைவால் மரணம் நேர்ந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. புதிய சட்டத்தில் 5 ஆண்டு. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு என்ற சலுகை உண்டு. அந்தச் சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கம் மருத்துவப் பதிவேட்டில் உள்ளவரை மட்டுமே குறிக்கிறது. செவிலியர் அதில் இல்லை. ஒரே அறையில், ஒரே நோயாளியிடம், ஒரே தவறுக்கு இருவருக்கும் வெவ்வேறு அளவுகோல் வைப்பது நியாயமாகத் தெரியவில்லை. இது திருத்தப்பட வேண்டும்.

அதுவரை செவிலியருக்கு முதல் பாதுகாப்பு அவர் எழுதும் குறிப்புதான். நேரம், மருந்து, அளவு, வழி, மருத்துவருக்குத் தகவல் சொன்ன மணி, அவர் தந்த பதில் எல்லாம் அப்போதே எழுதப்பட வேண்டும். இந்தப் பகுதியில் முகவரிக்கும் அதே கவனம் தேவை. வில்லியனூர் கொம்யூனில் ஒரு பிள்ளையார்குப்பம், பாகூர் பக்கம் ஒரு பிள்ளையார்குப்பம். கடலூர் சாலையில் அடிபட்டு வருபவர் கிருமாம்பாக்கம் காவல் நிலைய எல்லையில் விழுந்தாரா, தமிழகத்தின் ரெட்டிச்சாவடி எல்லையில் விழுந்தாரா என்பதைப் பொறுத்து வழக்கு நடக்கும் ஆட்சிப் பகுதியே மாறும். விபத்துப் பதிவேட்டில் ஊர்ப்பெயரோடு கொம்யூன் பெயரையும், விழுந்த இடத்துக்கு அருகில் உள்ள அடையாளத்தையும், அதைச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுவது இங்கே செவிலிய மாணவர் பழக வேண்டிய வேலை.