பக்கத்துக் கட்டில்காரன்

‘பையன் கெட்டுப் போயிட்டான்’ என்கிறோமே, கெட்டது பையனா, அவன் இருந்த இடமா? இதற்குப் பதில் தேட, கொஞ்சம் வியட்நாம் வரை போய்விட்டு வரலாம், வாருங்கள்.

1971. யுத்தம் முடிகிற வழியாக இல்லை. அமெரிக்க முகாம்களில் இருந்தவர்களில் ஏகப்பட்ட பேர் இருபது வயதை ஒட்டிய பையன்கள். ஒரு வருஷத்தை எப்படியாவது தள்ளிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். பாதி நேரம் உயிர் பயம், மீதி நேரம் தாங்கமுடியாத போர். ஹெராயினோ சல்லிசு விலை, கலப்படமும் அதிகம் கிடையாது. ஊசிகூட வேண்டாம், சிகரெட்டில் சேர்த்து இழுத்தால் போதும். பக்கத்துக் கட்டில்காரன் நீட்டுகிறான். தட்டிக்கேட்க அம்மாவா இருக்கிறாள்?

நேரில் போய்ப் பார்த்த இரண்டு அமெரிக்க எம்.பி.க்கள், சிப்பாய்களில் 10 முதல் 15 சதவிகிதம் பேர் ஹெராயினுக்கு அடிமை என்று குண்டைத் தூக்கிப் போட்டார்கள். நாடே ஆடிப்போனது. ஜூன் மாதம் ஜனாதிபதி நிக்ஸன், போதைதான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். சிறுநீர் டெஸ்ட்டில் பாஸானால்தான் ஊருக்கு விமானம்! மாட்டியவர்களைச் சில நாள் நிறுத்திவைத்து, போதை இறங்கிய பிறகு அனுப்பினார்கள்.

சரி, வந்தவர்கள் என்ன ஆனார்கள்? கண்டுபிடிக்கும் பொறுப்பு லீ ராபின்ஸ் என்கிற பெண் ஆராய்ச்சியாளரிடம் தரப்பட்டது. 1971 செப்டம்பரில் திரும்பியவர்களில் சுமார் 900 பேரை அவருடைய குழு தேடிப்பிடித்துப் பேசியது. பொய் சொல்லலாமே என்கிறீர்களா? அதற்காகத்தான் மறுபடி சிறுநீர் டெஸ்ட்!

வியட்நாமில் ஐந்தில் ஒருவர் அடிமையாகி இருந்தது உண்மை. ஆனால் அப்படி அடிமையானவர்களில், ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் வெறும் 5 சதவிகிதம்! மூன்று வருஷக் கணக்கெடுத்தாலும் 12 சதவிகிதம்தான். பாதிப் பேர் இங்கேயும் ஒரு தடவையாவது தொட்டுப் பார்த்தவர்கள். இருந்தும் சிக்கவில்லை. பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. முடிவைக் கேட்டுப் பலர் நம்ப மறுத்தார்கள்.

காரணம்? ஊரில் ஹெராயின் விலை அதிகம், சரக்கு மட்டம், போலீஸ் பயம் வேறு. வீடு, வேலை, காதலி என்று வேறு வாழ்க்கை காத்திருந்தது. அதே அமெரிக்காவில், கென்டக்கி மாகாணம் லெக்ஸிங்டனில் போதை அடிமைகளுக்கென்றே 1935-ல் திறந்த அரசு மருத்துவமனை இருந்தது. மாசக்கணக்கில் சிகிச்சை எடுத்தும், வெளியே போனவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுந்தார்கள். அவர்கள் திரும்பிப் போனது அதே தெருவுக்கு, அதே கூட்டாளிகளிடம்!

இதனால் ஹெராயின் சாதுவான சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 12 சதவிகிதத்தில் ஒருவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? விஷம் விஷம்தான். ஆனால் பையனை மட்டும் பிடித்து உலுக்கி, அவனைச் சுற்றியுள்ள எதையும் மாற்றாமல் விட்டால் பலன் குறைவு.

அடுத்த தடவை பிள்ளையைத் திட்ட வாயெடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பது யார்?