வேலிக்கு ஒரு காவல்

வேலியே பயிரை மேய்வது என்பது தமிழர் வழக்கில் ஒரு பழமொழி. மருத்துவர்க்கோ அது ஒருவகை நோயின் இலக்கணம். புறத்தேயிருந்து புகும் கிருமிகளைக் கொல்வதற்கென்றே அமைந்த வெள்ளணுக்கள், சிலருடைய உடலில், தாம் காக்கவேண்டிய உறுப்புகளையே தாக்கி அழிக்கத் தலைப்படுகின்றன. இளமையிலேயே பற்றும் ஒருவகை நீரிழிவும், கைகால் மூட்டுகளைக் கோணச்செய்யும் முடக்குவாதமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ஆயினும், இந்நோய்கள் சிலருக்கு வருவது வியப்பன்று. பெரும்பாலோர்க்கு வாராதிருப்பதே வியப்பு. வாராமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்னும் அமெரிக்கர் இருவர்க்கும், ஷிமோன் சகாகுச்சி என்னும் ஜப்பானியர்க்கும் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது இவ்விடையின் பொருட்டேயாகும். அவ்விடை வந்த வழி நேரானதன்று. இடையே ஒருமுறை அறிஞர் உலகம் அதனைக் கைவிட்டே போயிற்று.

வினாவை முதலில் தெளிவுற எழுப்பியவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் அவருடைய துணைவர் மார்கன்ராத்தும் வெள்ளாடுகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டின் உடலிற் செலுத்தியபோது, அவ்வயல் இரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருள் தோன்றிற்று. ஆனால், எந்த ஆடும் தன் இரத்தத்தை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. தனக்குத் தானே நஞ்சாவதற்கு உடல் அஞ்சுகின்றது என்று பொருள்படும் இலத்தீன் தொடரொன்றை எர்லிக் இதற்குப் பெயராக இட்டார். அவ்வாறு நேராதபடி தடுக்கும் ஏற்பாடு ஏதோ உடலில் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் அதனை அப்படிக் கொள்ளவில்லை. உடல் தன்னைத் தானே தாக்குவது என்பதே இல்லை என்று கொண்டனர். பெரியவர் ஒருவரின் சொல் பிழைபடப் புரிந்துகொள்ளப்பட்டு, அப்பிழையே பாடமாகிவிடுவது கல்வி வரலாற்றிற் புதிதன்று.

பிழையைத் திருத்தும் சான்று விரைவிலேயே கிடைத்தது. 1904இல் வியன்னாவில் டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்னும் இருவர், குளிர் பட்டவுடன் சிறுநீர் சிவந்து போகும் நோயாளிகளை ஆராய்ந்து, அவர்தம் இரத்தத்திலேயே அவர்தம் சிவப்பணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினர். கண்டவர் பலர், கருத்திற் கொண்டவர் சிலர். 1956இல் கழுத்துத் தைராய்டுச் சுரப்பி நோயொன்றில் இத்தகைய எதிர்ப்பொருள் இருப்பது இலண்டனில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே கதவு திறந்தது.

அதன்பின் ஆராய்ச்சி தைமஸ் என்னும் சுரப்பியின் பக்கம் திரும்பிற்று. நெஞ்செலும்பின் பின்னே, இதயத்திற்கு மேலே அமைந்த இச்சிறு சுரப்பி, குழந்தைப் பருவத்திற் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கிப்போவது. பயனற்ற எச்சம் என்றே பலரும் இதனைக் கருதியிருந்தனர். 1961இல் இலண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகள் நோயை எதிர்க்கும் ஆற்றலின்றி நலிவதையும், அயல் எலியின் தோலை ஒட்டினாலும் அதனைத் தள்ளாமல் ஏற்பதையும் கண்டார். டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் பயிலும் பள்ளி அது என்பது தெரிந்தது. பள்ளி எனின் தேர்வும் உண்டு. அயலானை அடையாளங் காணத் தெரியாதவை தேர்ச்சி பெறா. தன் உடலையே பகையாகக் காண்பவை அங்கேயே மாய்க்கப்படும். பின்னதனை 1987இல் அமெரிக்காவில் காப்லர், மாரக் ஆகியோர் ஐயத்திற்கிடமின்றி நிறுவினர்.

விடை முற்றிற்று என்று பலர் கருதினர்; முற்றவில்லை. எந்தத் தேர்விலும் தப்பிப் பிழைப்போர் சிலர் உண்டன்றோ? நோயில்லாத மனிதரின் இரத்தத்திலும், தன் உறுப்பையே தாக்கக்கூடிய அணுக்கள் திரிகின்றன. திரிந்தும் அவை வாளாவிருப்பது எதனால்?

இங்கேதான் ஜப்பானின் நகோயா நகரம் கதைக்குள் வருகின்றது. அங்குள்ள ஐச்சிப் புற்றுநோய் நிலையத்தில் நிஷிசுகா, சகாகுரா என்போர் 1969இல் ஒரு விந்தையைக் கண்டனர். சுண்டெலி பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை நீக்கினால், மில்லர் கண்டதுபோல எதிர்ப்பாற்றல் குன்றவில்லை. மாறாக, அவ்வெலிகளின் கருப்பை அண்டம் சிதைந்து போயிற்று. பயிற்சிப்பள்ளியை மூடினால் படை குறையவேண்டும். இங்கோ படை வெறிகொண்டது. கியோட்டோவில் மருத்துவம் பயின்ற இளைஞர் சகாகுச்சியை ஈர்த்து அந்நிலையத்திற்குக் கொண்டுவந்தது இம்முரண்பாடே. மூன்றாம் நாளுக்கு முன் வெளியேறிவிட்டவை தாக்கும் அணுக்கள். பிந்தி வெளியேற வேண்டியவை அவற்றை அடக்கும் அணுக்கள் என்று கொண்டால் முரண் நீங்கும். அவர் ஒரே மரபுடைய நலமான எலியிலிருந்து முதிர்ந்த டி அணுக்களை எடுத்து, தைமஸ் இழந்த எலிகளுக்குச் செலுத்தினார். நோய் வரவில்லை. அடக்கும் அணு ஒன்று அக்கூட்டத்துள் இருத்தல் வேண்டும் என்பது திண்ணமாயிற்று.

ஆனால், காலம் அவருக்கு உகந்ததாக இல்லை. ‘அடக்கும் டி அணு’ என்னும் கருத்து அவருக்கு முன்பே அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் கெர்ஷனால் 1970ஆம் ஆண்டையொட்டி முன்வைக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அது ஆராய்ச்சி உலகை ஆண்டது. கட்டுரைகள் மலையெனக் குவிந்தன. அவ்வணுக்கள் தாங்குவதாகக் கூறப்பட்ட ஐ-ஜே என்னும் பொருளுக்குரிய மரபணு எலியின் எவ்விடத்தில் உள்ளது என்றுகூடக் குறித்தனர். 1980களின் தொடக்கத்தில் அவ்விடத்தைப் பகுத்துப் பார்த்தபோது, அங்கே அப்படியொரு மரபணுவுக்கு இடமே இல்லை. கட்டடம் சரிந்தது. கெர்ஷன் 1983இல் மறைந்தார். அதற்குப் பின் ‘அடக்கும் அணு’ என்று பேசுவதே ஓர் ஆய்வாளரின் நற்பெயருக்கு ஊறு என்னும் நிலை ஏற்பட்டது. சான்று பொய்த்தமையால் கருத்தும் பொய்யாகிவிடாது என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே.

சகாகுச்சி விடவில்லை. தம் சோதனையிற் கண்ட நோய் கண்கூடு. அதனை எவர் மறுக்க இயலும்? தேவைப்பட்டது அவ்வணுக்களைப் பிறவற்றினின்று பிரித்தறிய ஓர் அடையாளம். பத்தாண்டுக்கு மேல் தேடி, 1995இல் அதனை வெளியிட்டார். உதவி டி அணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 10 வரை சிடி 25 என்னும் புரதத்தை மேலே தாங்கி நிற்கின்றன. அவற்றை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியவற்றை டி அணுக்களில்லா எலிக்குச் செலுத்தினால், உறுப்புகள் பல சிதைகின்றன; நீக்கியவற்றையும் உடன் சேர்த்தால் சிதைவதில்லை. பழிபட்ட பழைய பெயர் ஒதுக்கப்பட்டு, ‘ஒழுங்காற்றும் டி அணு’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. பெயர் மாறியதும் செவிகொடுப்போரும் பெருகினர். எனினும் ஐயுற்றோர் பலர்.

ஐயம் தீர்த்தது முற்றிலும் வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் அணுக்குண்டு ஆராய்ச்சிக்கென எழுந்த ஓக் ரிட்ஜ் என்னும் இடத்தில், கதிர்வீச்சின் விளைவுகளை அறிய எலிகள் வளர்க்கப்பட்டன. அங்கு 1949இல், தோல் செதிலாய் உதிர்ந்து, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி, சில வாரங்களுக்குள் மடியும் ஆண் எலிகள் தாமே தோன்றின. எக்ஸ் நிறமூர்த்தத்தில் நேர்ந்த ஒரு பிழை அது என்பது பின்னர்ப் புலப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, வாஷிங்டன் மாநிலத்தில் மருந்து ஆக்கும் சிறு நிறுவனமொன்றில் பணியாற்றிய பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் அப்பிழையைத் தேடிப் புறப்பட்டனர். ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள் கொண்ட அந்நிறமூர்த்தத்தில், 5 இலட்சம் எழுத்துகள் உள்ள ஒரு பகுதிக்குத் தேடலைக் குறுக்கினர். அப்பகுதியிலே 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தனர். 20ஆவதாகிய கடைசி மரபணுவிலே பிழை அகப்பட்டது. கூடுதலாய்ப் புகுந்த இரண்டே எழுத்துகள்! ஏடெழுதுவோர் பிழையால் பாட்டின் பொருளே கெட்ட கதைகளை அறிந்த தமிழாசிரியர்க்கு இது விளங்கும்.

ஃபாக்ஸ்-பி-3 என்று பெயரிடப்பட்ட அம்மரபணு பழுதுற்ற ஆண் குழந்தைகளும் உண்டு என்பது அதே 2001இல் தெளிவாயிற்று. ஓயாத வயிற்றுப்போக்கும், தோல் நோயும், பிறந்து சில நாட்களிலேயே நீரிழிவும் அக்குழந்தைகளை வாட்டும். இரண்டாண்டு சென்று, 2003இல் இரு நூல்களும் முடியப்பட்டன. சகாகுச்சியின் ஒழுங்காற்றும் அணுக்களை ஆக்குவது இம்மரபணுவே என்று அவருடைய குழுவும், அமெரிக்காவில் அலெக்சாந்தர் ருதென்ஸ்கியின் குழுவும் தனித்தனியே காட்டின. 2017இல் சுவீடனின் கிராஃபோர்ட் பரிசில் பங்கு பெற்ற ருதென்ஸ்கிக்கு நோபெல் பரிசிற் பங்கு கிட்டவில்லை. ஒரு பரிசை மூவர்க்கு மேல் பகிரலாகாது என்பது அங்குள்ள விதி.

இவ்வணுக்கள் அடக்கும் முறை ஒன்றன்று. பிற டி அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய இன்டர்லூக்கின்-2 என்னும் சுரப்பைத் தாமே உறிஞ்சிக்கொள்வது அவற்றுள் ஒன்று. சிடி 25 அதனைப் பற்றும் கையின் ஒரு பகுதியேயாகும். இச்சுரப்பையே சிறிய அளவிற் கொடுத்து, ஒழுங்காற்றும் அணுக்களை மட்டும் பெருக்கித் தன்தாக்கு நோய்களைத் தணிக்க முடியுமா என்று மனிதரிடத்தே சோதனைகள் நடைபெறுகின்றன. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தள்ளாதிருக்க, நோயாளியின் அணுக்களையே வெளியே எடுத்து வளர்த்துத் திருப்பிச் செலுத்தியும் பார்க்கின்றனர். புற்றுநோயிலோ நிலைமை தலைகீழ். புற்றுக்கட்டி இக்காவலரைத் தன்பால் ஈர்த்து, அவர்களையே அரணாக்கிக்கொண்டு வளர்கின்றது. அங்கே அவற்றைக் குறைக்கும் மருந்துகள் தேடப்படுகின்றன. உடலின் பிற பகுதிகளிலுள்ள காவலைக் குலைக்காமல் கட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் களைவது எவ்வாறு என்பதே ஆய்வாளர் முன் நிற்கும் இடர்.