தோம்பிலிருந்து முகநூல்வரை: தீவகத்தாரின் பதிவேடுகள்

கனடாவில் வாழும் நெடுந்தீவு அன்பர் ஒருவர் சென்ற மாதம் மடல் எழுதியிருந்தார். தமது குடும்ப வரலாற்றை இணையத்தில் ஏற்ற விரும்புகிறாராம். அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழ், ஊரில் இன்றும் வாழும் சித்தியின் அடையாள அட்டை முதலியவற்றின் பிரதிகளையும் இணைத்திருந்தார். ஒல்லாந்தர் தோம்புகளில் தம் முன்னோரைத் தேட வழியுண்டா என்பது அவரது கேள்வி.

வழியுண்டு. ஆனால் தோம்பு எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவின் டெல்ஃப்ற் என்ற பெயர்தான் இன்றும் பரவலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்த்துக்கேயர் தொடங்கிய பதிவு முறையை ஒல்லாந்தர் விரிவாக்கினர். காணித் தோம்பில் நிலமும் அதற்குரிய கடமைகளும், தலைத் தோம்பில் வீட்டிலுள்ளோரும் பதியப்பட்டனர். பாடசாலைத் தோம்பில் உபாத்தியாயர் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிவைத்தார். வரியும் ஊழியமும் தவறாமல் பெறுவதற்கே இவ்வளவும். எழுதப்பட்டவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. எனினும் அந்த ஏட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. அது ஓரிடத்தில் கிடந்தது. பார்க்க வேண்டியவன் அங்கே போக வேண்டியிருந்தது.

பிற்காலப் பிறப்புச் சான்றிதழும் அதே மரபில் வந்ததுதான். இனம் என்ன, பெற்றோர் திருமணமானவர்களா என்பவற்றுக்கெல்லாம் அதில் நிரல்கள் இருந்தன. அன்பர் அனுப்பிய பிரதிகளில் ஒன்றில் அந்தக் கடைசி நிரலுக்கு ‘இல்லை’ என்ற விடை இருந்தது. எழுபது ஆண்டுகளாக ஒரு குடும்பம் பேசாமல் வைத்திருந்த செய்தி அது. அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது.

அடையாள அட்டையின் கதை வேறு. 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் அது வழங்கப்பட்டது. பழைய அட்டையிலுள்ள ஒன்பது இலக்கங்கள் வெறும் எண்கள் அல்ல. முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். சனவரி முதலாந் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. ஆகவே எண்ணை அறிந்தவன் வயதையும் பாலையும் அறிவான். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இந்த வெளிப்படை நீங்கவில்லை.

1991 இல் தீவகம் படையினர் வசமான பின்னர் இந்த அட்டையின்றி நடமாட முடியாதென்றாயிற்று. குறிகாட்டுவானில் படகேறக் காத்துநின்ற நாள்களில், என் எண்ணை ஒரு கடற்படைச் சிப்பாய் கொப்பியில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொப்பிகள் எங்கே போயின என்று இன்றும் யோசிப்பதுண்டு. போர் முடிந்த பின்னரும் யாழ் குடாநாட்டில் படையினர் வீடுவீடாகச் சென்று குடும்பங்களைப் பதிந்தனர், படம் பிடித்தனர். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். பதிவு நிறுத்தப்படும் என 2011 மார்ச்சில் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. அதன் பின்னரும் முறைப்பாடுகள் வந்தன.

அரசையும் படையையும் குற்றஞ்சொல்லி இத்தோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் 2015 மே மாதம் புங்குடுதீவில் நடந்ததை எப்படி மறைப்பது? பாடசாலை சென்ற மாணவி ஒருத்தி வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டாள். அவள் உடல் கிடந்த கோலத்தில் எடுக்கப்பட்ட படங்கள் முகநூலில் கைமாறின. பகிர்ந்தவர்கள் நம்மவர்கள், நீதி கேட்டவர்களும் அவர்களே. இத்தகைய குற்றங்களுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை, 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் செய்யப்பட்ட திருத்தமே தடுக்கிறது. பத்திரிகைக்காரராகிய நாங்களும் பெயரையும் படத்தையும் போட்டோம். நான் எழுதிய குறிப்பிலும் அவள் பெயர் இருந்தது. அந்த வேளையில் அது அனுதாபமாகவே தோன்றியது. 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. படங்களைத் திரும்பப் பெறுமாறு எந்த நீதிமன்றம் யாருக்குக் கட்டளையிடுவது? ரொறன்ரோவிலும் பாரிசிலும் எத்தனை கைப்பேசிகளில் அவை கிடக்கின்றனவோ!

இலங்கையில் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.

அன்பருக்கு இவ்வாறு பதில் எழுதினேன்: கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தோம்புகளைத் தேடுங்கள், முன்னூறு ஆண்டுக்கு முந்திய பாட்டனார் கோபிக்கமாட்டார். அம்மம்மாவின் படத்தைப் போடுங்கள், சான்றிதழைப் போடாதீர்கள். சித்தியின் அட்டையைப் போடுவதாயின் முதலில் அவரிடம் கேளுங்கள். மறுநாளே பதில் வந்தது. சித்தியோடு தொலைபேசியில் கதைத்தாராம். “என்ர வயசை உலகத்துக்குச் சொல்ல நீ ஆர்?” என்று கேட்டாராம் அவர்.