ஏரிக்கு வைத்த முதல்: உக்கல், உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் டேவிட் மோஸின் வாசிப்பும்

ஏரிப் பராமரிப்பை ஆராய்கிறவர் எவரும் டேவிட் மோஸின் ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ (2003) நூலைத் தாண்டிப் போக முடியாது. குடிமராமத்து, அதாவது ஊராரே ஏரியைப் பராமரிப்பது, தொன்றுதொட்டு வந்த கிராமத் தன்னாட்சி என்னும் நம்பிக்கையை உலுக்கிய நூல் அது. காலனிய அதிகாரிகள் தமக்கு வேண்டிய ‘வழக்கத்தை’ வடிவமைத்து, 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தில் அதற்குக் கட்டாயத்தையும் சேர்த்தார்கள். அதற்கு முன் ஏரிகளைத் தாங்கி நின்றவை ஆள்வோரின் கொடையும் அதிகாரமுமே என்பது அவர் வாதத்தின் சாரம். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் பிற்காலச் சான்றுகளுக்கு இது பொருந்துகிறது. அந்த அளவில் எனக்கு மறுப்பில்லை.

மறுப்பு வேறிடத்தில் எழுகிறது. மோஸின் பார்வை கொடுத்தவர் பக்கமே சாய்கிறது. கொடையை வாங்கிய ஊர்ச்சபை அதை எப்படி நிலைக்கவைத்தது என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. தொண்டை மண்டலத்தின் 9, 10ஆம் நூற்றாண்டுகளுக்கு இந்த வாசிப்பை நீட்டினால் முக்கியமான ஒன்று கைநழுவிவிடும்.

ஹுல்ட்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த உக்கல் கல்வெட்டுகளில், பல்லவ மன்னன் கம்பவர்மன் காலத்தது ஒன்று. சடையன் என்பவர் ஊர் ஏரிக்காக 1000 காடி (அக்கால அளவை) நெல் கொடுக்கிறார். அதைப் பெற்றுக்கொண்ட சபை ஆண்டுதோறும் 500 காடி பொலிசைக்கு (வட்டிக்கு) ஒப்புகிறது. செய்தி இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு நிதித் திட்டமே இருக்கிறது. சடையன் வெறும் புரவலராக இருந்திருந்தால், அந்த நெல் ஒரு கோடையின் மண்வேலைக் கூலியாகவே தீர்ந்திருக்கும். இங்கே முதல் கரையவில்லை. சபை கடனாளி, ஏரியின் கணக்கே கடன் கொடுத்த தரப்பு. வண்டல் ஆண்டுதோறும் வருகிறது. செலவுக்கான நெல்லும் ஆண்டுதோறும் வருகிறது. சடையன் இறந்தாலும், ஆட்சி மாறினாலும், சபை இருக்கும்வரை அந்தக் கடப்பாடு நிற்கிறது.

முதலின் பாதி அளவு பொலிசை என்பது கனத்த விகிதம். சபை அதற்கு ஏன் இணங்கியது? அந்த நெல் ஏரிப்பாசனத்தில் பயிரிடுவோருக்கே கடனாகப் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏரி நிரம்பினால்தான் கடன் திரும்பும். கடன் திரும்பினால்தான் ஏரி தூர்வாரப்படும். கல்வெட்டு இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த விகிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தென்படவில்லை. கம்பவர்மனின் ஆட்சியாண்டுகளைப் பொது ஆண்டுகளோடு உறுதியாகப் பொருத்த முடியாததால், 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை எல்லோரும் குடவோலைத் தேர்தல் முறைக்காக மட்டுமே படிக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்தால், இரண்டே ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டது தெரியும். உறுப்பினர் வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 ஆகிறது. ஏரி வாரியத்துக்கு (ஏரியைக் கவனிக்கும் குழுவுக்கு) ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். அரசாணை வந்ததும், அதிகாரி உடனிருந்ததும் உண்மை. இது மோஸுக்குச் சாதகம். எனினும் ஆணையின் கனம் விழுவது கணக்கின் மேல். நிரந்தர முதல் கைமாறும் இடத்தில்தான் உறவினர் வரை நீளும் இத்தகைய தடை தேவைப்படும். உக்கலையும் உத்திரமேரூரையும் இணைப்பது என் ஊகமே. ஏரி வாரியத்தின் வருவாய் எது என்று இந்த இரண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் கூறவில்லை.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டபோது 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கியது; பயனாளிகளின் பங்களிப்பு பத்து விழுக்காடு. ஒதுக்கீடு செலவானதும் தீர்ந்துபோகும், அடுத்த தூர்வாருதலுக்கு மீண்டும் கோட்டையைத்தான் நோக்க வேண்டும். தூர்வாரும் செலவுக்கு நிலையான முதல் எங்கே என்ற இதே கேள்வி மலேசியாவின் கேமரன் மலையிலும் எழுகிறது. தெலோம் ஆற்று நீர் சுரங்கவழியே பெர்த்தாமுக்குத் திருப்பப்பட்டு, 1963இல் முடிந்த சுல்தான் அபுபக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. காய்கறித் தோட்டச் சரிவுகளின் மண்ணும் கூடவே இறங்கி அங்கே படிகிறது.

சமூகப் பங்கேற்பு என்றால் கூலியில்லா உழைப்பு என்று 1858 முதல் ஆள்வோர் எண்ணி வந்தார்கள். அதை மோஸ் சரியாகவே அம்பலப்படுத்தினார். ஆனால் அதற்கு முந்தைய சபை ஏரிக்கென்று முதலும் பொலிசையும் கணக்கும் வைத்திருந்தது. அந்த நிதி ஏற்பாட்டைக் கொடையின் வரலாற்றுக்குள் அடக்கிவிடுவது பிழை.