பிடோங்: ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

“பிடோங்குக்கா போற? அது அகதிங்க இருந்த தீவாச்சே. அங்க போய் என்னத்தப் பார்க்கப் போற?” என்றார் அப்பா. ரெடாங், பெர்ஹெந்தியான் என்றிருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். இளம் வயதில் பத்திரிகையில் பார்த்த ஒரு படம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. கரையெல்லாம் தலைகள். எனக்கோ அது கூட்டமில்லாத, பவளப்பாறைகள் உள்ள ஒரு தீவு. விடுமுறைக்கு அதுவே போதும்.

திரங்கானுவின் மெராங் படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பினோம். எங்கள் டைவ் மாஸ்டர் மலாய்க்காரர். ‘அபாங்’ என்றுதான் கூப்பிட்டோம். “நவம்பர் வந்தா கடையை மூடிடுவோம். பிப்ரவரி வரைக்கும் இந்தக் கடல்ல யாரும் இறங்க மாட்டாங்க” என்றார். அப்போது அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டேங்கை மாட்டிக்கொண்டு படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம். பன்னிரண்டு மீட்டர் ஆழம். கடல்தாமரைக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்கள், மான்கொம்பு போல் கிளைத்த பவளங்கள், என் மூச்சின் சத்தம். மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்கான நேரம் அது. தலைக்குமேல் படகு தெரிகிறது, ஆனால் ஏறக்கூடாது. அந்த மூன்று நிமிடமே எனக்கு நீளமாகத் தெரிந்தது.

மதியம் கரையில் நடந்தோம். புதர்களுக்குள் இடிந்த கட்டடங்கள். குன்றின்மேல் ஒரு கத்தோலிக்கத் தேவாலயமும் புத்தர் கோயிலும் இருந்த இடம். அதற்கு ‘சமயக் குன்று’ என்று பெயர்.

வரலாறு இதுதான். 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. மக்கள் படகேறத் தொடங்கினார்கள். 1978 ஆகஸ்டு 8ஆம் தேதி பிடோங் அகதி முகாமாகத் திறக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் 121 பேர். 4,500 பேருக்கென்று திட்டமிட்ட இடம் அது. 1979 ஜனவரியில் 18,000 பேர். ஜூனில் ஏறக்குறைய 40,000 பேர். தீவின் பரப்பே சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி மலை.

அபாங் சொன்ன மாதங்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆகஸ்டுக்கும் ஜனவரிக்கும் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. டைவ் கடைகள் மூடிக் கிடக்கும் அதே கடலில், மீன்பிடிப் படகுகளில் குழந்தைகளோடு ஆயிரக்கணக்கானோர் வந்திருக்கிறார்கள். வழியில் கடற்கொள்ளையர்களிடம் சிக்கியவர்கள் உண்டு. வந்து சேராதவர்களும் உண்டு.

நம் நாடு அவர்களை விரும்பி வரவேற்றது என்று சொல்லிவிட முடியாது. வந்தவர்களில் பலர் சீன வம்சாவளியினர். இன விகிதம் மாறிவிடுமோ என்ற அச்சம் இங்கே இருந்தது. 1979இல் பல படகுகள் மறுபடியும் கடலுக்கே இழுத்துச் செல்லப்பட்டன. அதே நேரத்தில், பிடோங்கில் இருந்தவர்களுக்குச் சோறு போட்டது மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் நடந்தவை.

அந்த ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் போன்ற நாடுகள் அதிகம் பேரை ஏற்க முன்வந்தன. அதுவரையிலும் அதன் பிறகும் முகாமில் இருந்தவர்களின் வேலை காத்திருப்பதுதான். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். ‘பூலாவ் பிடோங்’ என்ற பெயரையே அவர்கள் ‘புவோன் லோ பி தாத்’ என்று திரித்துச் சொல்லியிருக்கிறார்கள். துயரம், கவலை, அவலம் என்று பொருள். 1991இல் முகாம் மூடப்படும்வரை சுமார் இரண்டரை லட்சம் பேர் இந்தத் தீவைக் கடந்து போனார்கள்.

இது முடிந்துபோன கதை என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் மலேசியா இன்றும் 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2020இல் ரோஹிங்யா மக்களை ஏற்றி வந்த படகுகள் நம் கடலெல்லையில் திருப்பி அனுப்பப்பட்டன. அப்போது சமூக ஊடகங்களில் எழுந்த வெறுப்புக் குரல்களில் தமிழ்க் குரல்களும் இருந்தன. நம் முன்னோரும் கப்பலில் வந்தவர்கள்தாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், “மீன் நெறைய இருந்துச்சா?”

“இருந்துச்சுப்பா. நீங்க சொன்ன அந்தப் படத்தப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க.”

அவர் வெகுநேரம் பேசினார்.